கேசிங் எத்தனை அடி?

சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்காக 2023-ல் அயனாவரத்திலிருந்து ஓட்டேரி நோக்கிப் பூமிக்குள் இறக்கப்பட்ட சுரங்கம் தோண்டும் இயந்திரத்துக்குக் 'கல்வராயன்' என்று பெயர் வைத்தார்கள். நீலகிரி, ஆனைமலை என்று வேறு மலைகளின் பெயர் தாங்கிய இயந்திரங்களும் அதே பணியில் இருந்தன. தியாகதுருகத்திலும் கள்ளக்குறிச்சியிலும் செய்தித்தாளில் அந்தப் பெயரைப் பார்த்தவர்களுக்கு அது நம் மாவட்டத்து மலையாயிற்றே என்ற நெருக்கம் வந்திருக்கும். கல்வராயன் மலையில் பரவலாகக் கிடக்கும் சார்னோகைட் கல்தான் சென்னையில் பரங்கிமலையாகவும் பல்லாவரம் குன்றுகளாகவும் தலைநீட்டுகிறது. ஆனால், இயந்திரம் வெட்டிச் செல்ல வேண்டிய சென்னை நிலம் மலையைப் போல ஒரே கல்லாக இல்லை. கூவமும் அடையாறும் கடலும் காலங்காலமாகக் கொண்டுவந்து போட்ட மணல், களிமண், அதற்குக் கீழே மக்கிப்போன பாறை, அதற்கும் கீழே உறுதியான பாறை என்று அடுக்குகள் ஏறி இறங்கிக் கிடக்கின்றன. ஆறரை மீட்டர் அளவு குறுக்ககலம் உள்ள ஓர் இயந்திரத்தின் முகத்தில் மேல்பாதி மணலும் கீழ்ப்பாதி கருங்கல்லும் ஒரே நேரத்தில் வந்து நிற்கக்கூடிய நிலம் அது. கல்லை அரைக்கும் வேகத்துக்கு இயந்திரத்தைக் குறைத்தால் மேலே உள்ள மணல் உள்ளே கொட்டும். மண்ணுக்கான வேகத்தில் போனால் வெட்டும் சக்கரங்கள் தேய்ந்து உடையும். சுரங்கப் பொறியாளர்கள் முழுப் பாறைக்குக்கூட இவ்வளவு அஞ்சுவதில்லை. அவர்களை அச்சுறுத்துவது இந்தக் கலப்பு நிலம்தான்.

அந்த அச்சம் எப்படிப்பட்டது என்பதை 2017 ஏப்ரல் 9 அன்று சென்னை அண்ணா சாலையில் எல்லோரும் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே, சர்ச் பார்க் பள்ளியை ஒட்டிய நிறுத்தத்தில் நின்ற 25ஜி மாநகரப் பேருந்தும் பக்கத்தில் வந்த ஒரு காரும் அப்படியே சாலைக்குள் இறங்கின. கீழே மெட்ரோ சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்தது. பயணிகள் உயிர் தப்பினார்கள். விடுமுறை நாளாக இல்லாமல், அலுவலக நேரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் நடுங்குகிறது. தளர்ந்த மண் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்த மண் அன்று காலையில் வந்து சேர்ந்ததல்ல. நெடுங்காலமாக அங்கேயே இருந்தது. இயந்திரம் அதைத் தொடுமுன்பே அதைக் கண்டறிய முடியாதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பெருமளவுக்கு முடியும். முடியும் என்று தெரிந்தும் அதற்குரிய பணத்தையும் நேரத்தையும் நாம் ஒதுக்குவதில்லை.

பூமிக்கடியில் கட்டுமானம் தொடங்குமுன் நிலத்தைச் சோதிக்காமல் யாரும் இறங்குவதில்லை என்பது உண்மைதான். துளையிட்டு மண் மாதிரி எடுக்கிறார்கள். பத்து, பதினைந்து சென்டிமீட்டர் அகலத் துளை. அடுத்த துளை எங்கோ பல மீட்டர் தள்ளி. இரண்டு துளைகளிலும் கிடைத்ததைக் காகிதத்தில் வரைந்து, நடுவே கோடு போட்டு இணைத்துவிட்டால் நிலத்தின் படம் ஆயத்தம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்கு இது. ஆனால் பானைச் சோறு முழுவதும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தது. நிலம் அப்படி வெந்ததல்ல. இரண்டு துளைகளுக்கு நடுவே தூர்ந்துபோன கிணறு இருக்கலாம். பழைய குளத்தை மூடிய சேறு இருக்கலாம். மண்ணுக்குள் தனியாக நிற்கும் ஒரு லாரி அளவுப் பாறை உருண்டை இருக்கலாம். துளை அந்த இடத்தில் விழாதவரை அது வரைபடத்தில் இல்லை.

அமெரிக்காவில் சுரங்கத் தொழில்நுட்பத்துக்கான தேசியக் குழு 1984-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 80-க்கும் மேற்பட்ட சுரங்கத் திட்டங்களை எடுத்துப் பார்த்து, செலவு எங்கே எகிறியது, வழக்கு எதனால் வந்தது என்று ஆராய்ந்த அறிக்கை அது. திட்டச் செலவில் 3 விழுக்காட்டை நில ஆய்வுக்கு ஒதுக்குங்கள். சுரங்கத்தின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் ஒன்றரை அடி துளையிடுங்கள் என்று அது பரிந்துரைத்தது. நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நெரிசலான நகரத்தில் அத்தனை துளைகள் போட இடமே கிடைக்காது என்று சொல்வார்கள். சரிதான். அதனால்தான் துளைகளுக்கு நடுவே உள்ள இருட்டை நிரப்பும் புவி இயற்பியல் ஆய்வு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பெயர்தான் புதிதாகத் தோன்றும். கள்ளக்குறிச்சி மாவட்ட விவசாயிக்கு இதில் புதிது எதுவும் இல்லை. கரும்போ மரவள்ளியோ வைத்திருக்கிற காட்டில் 'போர் பாயிண்ட்' பார்க்க ஆள் கூப்பிடுகிறோமே, அதில் ஒரு வகை இது. தேங்காயைக் கையில் வைத்து நடப்பவரை இங்கே சொல்லவில்லை. மீட்டர் கொண்டு வருகிறவரைச் சொல்கிறேன். வேளாண்மைப் பொறியியல் துறையே குறைந்த கட்டணத்தில் விவசாயிகளுக்கு இதைச் செய்து தருகிறது. நிலத்தில் ஒரே நேர்கோட்டில் நான்கு இரும்புக் கம்பிகளை அடிக்கிறார்கள். மண் காய்ந்திருந்தால் கம்பியின் காலடியில் ஒரு சொம்பு உப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வெளிக்கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரம் உள்ளே போகும். உள்கம்பிகள் இரண்டும் மின்னழுத்தத்தை அளக்கும். ஓர் அளவு எழுதியதும் வெளிக்கம்பிகளைப் பிடுங்கி இன்னும் தள்ளி அடிப்பார்கள். அவற்றுக்கு நடுவே தூரம் கூடக்கூட மின்சாரம் இன்னும் ஆழத்தைத் தொட்டுத் திரும்பும். ஈரக் களிமண்ணில் தடை குறைவு, பத்து ஓம்-மீட்டர் அளவில்கூட இருக்கும். நீர் கோத்த மக்கிய பாறையில் கொஞ்சம் ஏறும். வெடிப்பில்லாத கருங்கல் வந்துவிட்டால் ஆயிரங்களுக்குத் தாவும். வயர் சுற்றிய ராட்டினத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வரப்போரம் நடப்பதும், ஒருவர் உட்கார்ந்து தாளில் புள்ளி வைப்பதும்தான் கண்ணுக்குத் தெரிகிற வேலை. பிரான்சில் கான்ராட் ஷ்லும்பெர்ஜே 1912-ல் செய்து பார்த்த சோதனையின் வழிவந்த முறை இது.

நகரத்தில் இதையே நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்குப் பல கம்பிகளை வரிசையாக நட்டு, கணினியில் சேர்த்து, நிலத்தின் நெடுக்கு வெட்டுத் தோற்றமாக எடுக்கிறார்கள். இன்னொரு முறை அதிர்வலை. சம்மட்டியால் ஒரு இரும்புத் தகட்டின் மேல் ஓங்கி அடித்தால் கிளம்பும் அலை, தளர்ந்த மண்ணில் நொடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் நகரும். உறுதியான கருங்கல்லில் நொடிக்கு 5,000 மீட்டரைத் தொடும். வரிசையாக வைத்த உணர்கருவிகளில் அலை வந்துசேரும் நேரத்தை வைத்துப் பாறை எத்தனை மீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது, எங்கே பள்ளமாக இறங்குகிறது என்று கணக்கிடலாம். சம்மட்டி அடிக்க முடியாத நெரிசலான சாலையிலும் வழி இருக்கிறது. பேருந்தும் லாரியும் ஓயாமல் தரையை அதிர வைக்கின்றனவே, அந்த அதிர்வையே அலையாக எடுத்துக்கொண்டு அளக்கும் முறை வந்துவிட்டது. இவை தவிர, தரையைத் துளைத்துச் செல்லும் ரேடார், குழிவு இருக்குமிடத்தில் புவியீர்ப்பு மிக நுண்ணிய அளவில் குறைவதை அளக்கும் கருவி, இரண்டு துளைகளுக்கு நடுவே அலையைச் செலுத்தி இடையில் உள்ளதைப் படமெடுக்கும் முறை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை உண்டு. மின்தடை ஆய்வுக்கும் அதிர்வலை ஆய்வுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வழிகாட்டு நெறிகள் 2006, 2007-லேயே வெளிவந்துவிட்டன. ஐதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் 1961 முதல் இயங்கி வருகிறது. அறிவும் ஆளும் நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இதை மந்திரக்கோல் என்று சொல்வது தவறு. ரேடார், ஈரக் களிமண்ணில் ஓரிரு மீட்டருக்குக் கீழே குருடாகிவிடும். உப்புநீர் ஊறிய கடலோரச் சென்னையில் பல இடங்களில் அதற்கு வேலையே இல்லை. மின்தடை ஆய்வில் பக்கத்தில் கிடக்கும் இரும்புக் குழாயும் மின் கேபிளும் அளவைக் கெடுக்கும். தார்ச்சாலையில் கம்பி அடிக்கவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே அளவீட்டுக்கு இரண்டு மூன்று விதமான நிலப்படங்கள் பொருந்தலாம். எது சரி என்பதைத் துளைதான் சொல்ல வேண்டும். ஆகவே துளைக்குப் பதிலாக இது என்று யாராவது விற்க வந்தால் நம்பக் கூடாது. முதலில் புவி இயற்பியல் ஆய்வு நடத்தி, சந்தேகமான இடங்களைக் குறித்து, அங்கே துளை போட வேண்டும். வரிசை இதுதான். நடப்பில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கிறது. சம தூரத்தில் துளைகளைப் போட்டு முடித்து, சிக்கல் வந்த பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

சிக்கல் வந்த பிறகு ஓடுவதன் விலையைக் கொல்கத்தா கொடுத்தது. 2019 ஆகஸ்ட் 31 அன்று, பௌபஜார் பகுதியில் கிழக்கு-மேற்கு மெட்ரோவின் சுரங்க இயந்திரம் நிலத்தடி நீர் தேங்கிய அடுக்கில் மோதியது. நீரும் மணலும் சுரங்கத்துக்குள் பாய, மேலே இருந்த பழைய வீடுகள் விரிசல் விட்டுச் சரிந்தன. நூற்றுக்கணக்கானோர் உடுத்திய துணியோடு வெளியேறினார்கள். 2022-ல் மே மாதமும் அக்டோபரிலும் அதே பகுதியில் மீண்டும் விரிசல்கள். ஜெர்மனியின் கொலோன் நகரில் 2009 மார்ச் 3 அன்று, சுரங்க ரயில் பணி நடந்த இடத்தில் நகரத்தின் ஆவணக் காப்பகமே இடிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் 2025 ஜூலை 26 அன்று, கழிவுநீர்ப் பணி நடந்துகொண்டிருந்த இடத்தை ஒட்டிச் சாலை உள்வாங்கி ஒரு கார் விழுந்தது. ஓட்டிவந்த பெண்மணியைக் கயிறு போட்டு மேலே தூக்கியவர்கள், தமிழர் ஒருவரின் மேற்பார்வையில் அங்கே வேலை செய்துகொண்டிருந்த புலம்பெயர் தொழிலாளர்கள். பணக்கார நாடுகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் அங்கே விபத்துக்குப் பின் நிலத்தைப் பற்றிய பதிவுகள் மேசைக்கு வருகின்றன. நம் ஊரில் என்ன நடக்கிறது? 2025 மே 17 அன்று சென்னை தரமணி டைடல் பார்க் அருகே சாலை உள்வாங்கி ஒரு கார் கவிழ்ந்தது. எங்கள் பணி காரணமல்ல என்றது மெட்ரோ நிர்வாகம். கழிவுநீர்க் குழாய்க் கசிவு பற்றிய பேச்சு வந்தது. யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க, பணி தொடங்குமுன் அந்தச் சாலைக்கடியில் நிலம் எப்படி இருந்தது என்று பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஒரு படம் வேண்டும். அது இருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை.

மெட்ரோ சென்னைக்காரர்கள் பாடு, தியாகதுருகத்துக்கு என்ன என்று கேட்கலாம். தரை சமமாகக் கிடக்க, நடுவே குன்று திடீரென்று எழுந்து நிற்கும் ஊர் நம்முடையது. கோட்டை கட்ட ஏற்ற இடம் என்று அதைப் பிடிக்கப் படைகள் முட்டி மோதியதும் அதனால்தான். இப்படிப்பட்ட ஊரில் பாறையின் ஆழம் தெருவுக்குத் தெரு மாறும். ஒரு வீட்டு வாசலில் கடப்பாரை போட்டால் நங்கென்று கல்லில் படும்; சற்றுத் தள்ளிப்போனால் செம்மண்ணும் சரளையும் சுக்கானும் கடந்து வெகு ஆழத்தில்தான் பாறை தட்டுப்படும். பாதாளச் சாக்கடைக் குழாய் சீரான சரிவில் போயாக வேண்டும். பாறை வந்ததென்று மேலே ஏற்ற முடியாது. பெங்களூரு மெட்ரோவில் சுரங்க இயந்திரங்கள் மாதக்கணக்கில் சிக்கி நின்றதும் நம்முடையதைப் போன்ற கடினப்பாறை நிலத்தில்தான். மக்கிய மண்ணும் கருங்கல்லும் உருண்டைகளும் கலந்து கிடந்த இடங்கள் அவை.

கடினப்பாறை எவ்வளவு கொடுமையானது என்பதை 2019 அக்டோபரில் தமிழ்நாடே கண்ணீரோடு பார்த்தது. மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் மூடாமல் விட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுச் சிறுவன் விழுந்தான். பக்கத்தில் இணையாகக் குழி தோண்டி அவனை எட்ட முயன்றபோது இயந்திரங்கள் பாறையில் முட்டி நின்றன. பெரிய ரிக் வந்தது, அதைவிடப் பெரியது வந்தது. அடி அடியாகத்தான் இறங்க முடிந்தது. 25-ம் தேதி விழுந்த பிள்ளையின் உடலை 29-ம் தேதிதான் எடுத்தார்கள். எத்தனை அடியில் பாறை என்பது முதல் மணி நேரத்திலேயே தெரிந்திருந்தால் எந்த வழியில் போவது என்ற முடிவாவது நேரத்தோடு எடுக்கப்பட்டிருக்கும்.

பாறை எத்தனை அடியில் இருக்கிறது என்பது இந்த ஊர்களில் ரகசியமே அல்ல என்பதுதான் என் ஆதங்கம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து போர் போட்டுவிட்டுப் போன வீட்டில், தண்ணீர் வந்ததா என்ற கேள்விக்கு அடுத்தபடியாக அக்கம்பக்கத்தார் கேட்பது "கேசிங் எத்தனை அடி?" என்பதுதான். மேல்மண்ணும் மக்கிய பாறையும் சரிந்து துளையை அடைக்காமல் இருக்க கேசிங் பைப் இறக்குவார்கள். உறுதியான பாறையில் அது உட்கார்ந்ததும் நின்றுவிடும். ஆகவே கேசிங் நீளம் என்பது ஏறத்தாழ அந்த இடத்தில் பாறை தொடங்கும் ஆழம். ரிக்காரர் தரும் பில்லில் அது அடிக்கணக்கோடு எழுதியிருக்கிறது, ஏனென்றால் பைப்புக்குக் காசு வாங்க வேண்டும். செம்மண் நிறத்தில் வந்த தூசு எத்தனையாவது அடியில் சாம்பல் நிற மாவாக மாறியது, எத்தனையாவது அடியில் வெடிப்பில் தண்ணீர் பட்டது என்பது அன்று நின்று பார்த்த வீட்டுக்காரருக்கு நினைவிருக்கும். தியாகதுருகத்தில் மட்டும் இப்படி எத்தனையோ வீடுகளில் பீரோவுக்குள் மடித்து வைத்த பில்கள் இருக்கும். அவற்றைத் திரட்டி ஊர் வரைபடத்தில் புள்ளி வைத்தால், ஒரு காசு செலவில்லாமல் ஊரின் பாறைப் படம் பாதி தயாராகிவிடும். மீதிப் பாதிக்கு, புள்ளிகள் இல்லாத தெருக்களில் மின்தடை ஆய்வும் அதிர்வலை ஆய்வும் போதும்.

இதற்கான சட்ட வழியும் திறந்தே இருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகளில் பிள்ளைகள் விழுந்ததையொட்டி 2010-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் தந்தது. 2015-ல் தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்கான விதிகள் வந்தன. போர் போட அனுமதி, ரிக் வண்டிக்குப் பதிவு எல்லாம் அவற்றில் உண்டு. அனுமதி கேட்கும் தாளோடு, வேலை முடிந்த பின் இன்னொரு தாளும் வர வேண்டும்: கேசிங் நீளம், மண் மாறிய ஆழம், நீர் பட்ட ஆழம், இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. கைப்பேசியில் ஐந்து நிமிட வேலை. பேரூராட்சிகளும் நகராட்சிகளும் இதையே பின்பற்றலாம். நெதர்லாந்தில் 2018 முதல் நிலத்தடித் தகவல்களுக்கென்று சட்டபூர்வமான தேசியப் பதிவேடு இருக்கிறது. அரசு அமைப்புகளின் செலவில் எடுக்கப்படும் நிலத்தடித் தகவல் அதில் சேர்ந்தாக வேண்டும். அடுத்து தோண்டப்போகிறவர் அதை எடுத்துப் பார்க்கலாம். நம் ஊரில் பாலத்துக்கு ஒரு துறை துளையிடும், குடிநீர்த் தொட்டிக்கு இன்னொரு துறை துளையிடும், மெட்ரோவுக்கு மூன்றாவது அமைப்பு துளையிடும். மூன்றும் தனித்தனிக் கோப்புகளில் தூங்கும். மக்கள் வரிப்பணத்தில் எடுத்த தகவல் அது. மக்களுக்கே பூட்டி வைத்திருக்கிறோம்.

நில ஆய்வு புறக்கணிக்கப்படுவதற்கு வேர் டெண்டர் முறைதான். குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. நிலத்தில் என்ன இருந்தாலும் அது ஒப்பந்ததாரர் தலையில். இப்படி எழுதிவைத்தால் ஆய்வுக்குச் செலவு செய்கிறவர் விலையைக் கூட்டிச் சொல்லித் தோற்பார். நிலம் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிக் குறைத்துச் சொன்னவர் ஜெயிப்பார். பிறகு பாறை வரும், வேலை நிற்கும், கூடுதல் தொகை கேட்டு வழக்கு வரும், சாலை ஆண்டுக்கணக்கில் தகரத்தடுப்புக்குள் கிடக்கும். ஆய்வைத் தனி வேலையாகப் பிரித்து, டெண்டருக்கு முன்பே அரசு தன் செலவில் செய்து, அறிக்கையை எல்லாப் போட்டியாளர்களுக்கும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும். நிலம் அந்த அறிக்கையில் சொன்னதைவிட மோசமாக இருந்தால் அந்தச் சுமை அரசுடையது. அறிக்கையில் சொன்னபடி இருந்தும் தவறினால் ஒப்பந்ததாரருடையது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய், அதில் சுமார் 42 கிலோமீட்டர் பூமிக்கடியில். இவ்வளவு பணம் போடும் நாட்டில் நில ஆய்வுக்குக் கணக்குப் பார்ப்பது சிக்கனமாகாது.

குழாய், கேபிள் விஷயத்தில் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறோம். கண்டபடி தோண்டுவதால் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் முறை கண்ணாடியிழை கேபிள்கள் வெட்டுப்படுகின்றன, இழப்பு 3,000 கோடி ரூபாய் என்று சொல்லித்தான் மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யு டிக்' செயலியைக் கொண்டுவந்தது. தோண்டுகிறவர் முன்கூட்டியே தகவல் கொடுத்தால், அங்கே கேபிள் வைத்திருப்பவர் எச்சரிக்கப்படுவார். நல்ல ஏற்பாடு. கேபிளுக்குச் செய்ததை மண்ணுக்கும் பாறைக்கும் செய்வதில் என்ன தடை?

இதையெல்லாம் கோடிகளின் கணக்காக மட்டும் பார்க்க எனக்கு மனமில்லை. 2022-ல் மதுரை விளாங்குடியில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கும் குழியில் மண் சரிந்து ஒரு தொழிலாளி இறந்தார். இப்படிச் செய்தித்தாளின் மூலையில் ஒரு பத்தியாக முடிந்துபோகிறவர்கள் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். குழிக்குள் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். தாங்கள் நிற்கிற குழியின் சுவர் கெட்டி மண்ணா, மேலே போட்டு மூடிய பழைய குப்பை மண்ணா, பின்னால் ஒரு தூர்ந்த கிணறு தண்ணீரைத் தாங்கி நிற்கிறதா என்பது அவர்களுக்குத் தெரியாது. சொல்லவும் யாரும் இல்லை. ஆய்வு நடந்தால் அதன் அறிக்கை பொறியாளரின் மேசையோடு நின்றுவிடக் கூடாது. பாதாளச் சாக்கடையோ சுரங்கமோ எதுவானாலும், தோண்டப்படும் ஒவ்வொரு தெருவிலும், எத்தனை அடி வரை என்ன மண், எந்த அடியில் தண்ணீர், எந்த இடத்தில் தளர்வு, எங்கே முட்டுப் பலகை கொடுக்காமல் இறங்கக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில், தமிழிலும் அந்தத் தொழிலாளர்கள் பேசும் மொழியிலும் எழுதி, வேலை தொடங்கும் காலையிலேயே குழியோரத் தடுப்பில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாத இடத்தில் வேலையை நிறுத்தும் அதிகாரம் பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு இருக்க வேண்டும்.